பிதாக்களே என்றுதான் எழுதியிருக்கிறது

கேள்வி: எங்கள் மகனுக்கு 15 வயது. 4 வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்குத் தவறாமல் அனுப்பினோம். மனப்பாட வசனப் போட்டியில் அவன் பரிசு வாங்காத ஆண்டே இல்லை. இப்போது ஆலயத்துக்கு வரமாட்டேன் என்கிறான். "கடவுள் இருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னையே கேட்கிறான். அதிகப்பிரசங்கித்தனம் செய்யாதே என்று அதட்டிவிட்டேன். நான் சபைக் கமிட்டியில் பொறுப்பில் இருப்பதால் பல இரவுகள் கூட்டங்களிலேயே போய்விடுகின்றன. பிள்ளை வளர்ப்பு என் மனைவியின் பொறுப்பு. அவள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள். ஞாயிறு பள்ளி ஆசிரியையைப் பற்றியும் போதகரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஆசிரியர்களைக் கண்டித்து நீங்கள் எழுத வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தாவது அவனை ஆலயத்துக்கு இழுத்து வரலாமா?
— ஒரு வாசகர்

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தில் மகன்மேல் குறை இருக்கிறது, மனைவிமேல் குறை இருக்கிறது, ஆசிரியைமேல் குறை இருக்கிறது. உங்கள்மேல் மட்டும் ஒன்றுமே இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எபேசியர் 6:4-ஐ எடுத்து வாசியுங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் வளர்க்கும்படி பவுல் யாரிடம் சொல்கிறார்? "பிதாக்களே" என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது. பிள்ளைகள்மேல் தகப்பனுக்குக் கட்டற்ற அதிகாரம் இருந்த ரோமர் காலத்தில், அந்தத் தகப்பனைப் பெயர் சொல்லி அழைத்து, கோபத்துக்குக் கடிவாளம் போட்டு, போதிக்கும் வேலையையும் அவன் தலையில் வைத்தார் அப்போஸ்தலர். உங்கள் வீட்டில் அந்த வேலை மனைவியிடம் போய், அங்கிருந்து ஆசிரியையிடம் போயிருக்கிறது.

தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் குறிப்பிடுகிறார். தகப்பனைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மனிதன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. ஆகவே அந்த இரண்டு பெண்களும் அந்தச் சுமையைச் சுமந்தார்கள். உங்கள் மனைவியோ, விசுவாசியான கணவர் வீட்டில் இருந்தும் தனியாகச் சுமந்திருக்கிறார். அதற்குப் பிறகு பழியையும் அவரையே சுமக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரே வரி அதுதான். கடவுளைப் பற்றி அக்கறையே அற்றுப்போன பையன் இப்படிக் கேட்கமாட்டான். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான். உங்கள் மகன் தன் தகப்பனைத் தேடி வந்து கேட்டிருக்கிறான்.

பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள் என்று வேதம் முன்பே சொல்லிவைத்திருக்கிறது. பஸ்கா ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது யாத்திராகமம் 12-இல் இருக்கிறது. இந்தக் கட்டளைகள் எதற்கு என்று மகன் கேட்டால் என்ன சொல்வது என்பது உபாகமம் 6-இல் இருக்கிறது. அந்தப் பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம், கர்த்தர் எங்களை வெளியே கொண்டுவந்தார் என்று தகப்பன் தன் கதையாகச் சொல்ல வேண்டும். மகனை வாயடைக்கும்படி அங்கே எந்தத் தகப்பனுக்கும் கட்டளை இல்லை. உங்கள் மகனுக்கு வசனங்கள் தெரியும், பரிசே வாங்கியிருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் இருப்பது உங்கள் கதை. எப்போது ஜெபித்தீர்கள், எதற்காக அழுதீர்கள், எந்த ஜெபத்துக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை, அப்படியும் ஏன் விசுவாசத்தை விடவில்லை என்பதை அவனிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா?

அதே அதிகாரத்தில், பிள்ளைகளோடு கர்த்தருடைய வார்த்தைகளைப் பேச வேண்டிய நேரங்கள் வரிசையாக வருகின்றன: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. அந்த வரிசையில் அன்றைய ஆராதனை இடமான ஆசரிப்புக் கூடாரம் இல்லை. நாமோ ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் என்ன பேசுகிறோம்? அடுத்த தேர்தலில் யார் நிற்கிறார், காணிக்கைக் கணக்கை யார் சரியாக வைக்கவில்லை, இன்றைய பிரசங்கம் ஏன் அவ்வளவு நீளம். பின் இருக்கையில் ஜன்னலைப் பார்த்தபடி பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருகிறான். அன்று அவன் கேட்ட இரண்டாவது பிரசங்கம் அது.

ஞாயிறு பள்ளியின் வரலாறும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலை செய்துவிட்டு எழுதப் படிக்க வழியில்லாமல் ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. உங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த தகப்பன் இருக்கிறார், வேதாகமமும் இருக்கிறது. அதற்கும் முன்னே, 1529-இல் மார்ட்டின் லூத்தர் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூலை வெளியிட்டபோது, குடும்பத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்று அதன் பகுதிகளுக்குத் தலைப்பிலேயே எழுதினார்.

ஆசாரியனான ஏலியை நினைக்கிறேன். இரவில் அழைப்பது யார் என்று புரியாமல் ஓடிவந்த சிறுவன் சாமுவேலுக்குக் கர்த்தரின் குரலை அடையாளம் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். ஆலயத்தில் வந்து நின்ற பிறர் பிள்ளைக்கு வழிகாட்டிய அந்த மனிதர், சொந்தக் குமாரரை அடக்காமற்போனார். கமிட்டிக் கூட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது.

இதையெல்லாம் செய்தால் மகன் திரும்பிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். சாமுவேலின் குமாரரும் வழிதவறிப் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். பின்னாளில் சபையின் பெரிய போதகரான அகஸ்டினுக்காக அவர் தாய் மோனிக்கா ஆண்டுக்கணக்கில் அழுது ஜெபித்தார். 387-இல் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 32. விசுவாசம் தேவன் தரும் ஈவு. போதிப்பது நம் கடமை. பலன் தெரியவில்லை என்பதற்காகக் கடமை நம்மை விட்டுப் போய்விடாது.

இழுத்து வரலாமா என்றால், கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் அழையுங்கள், அன்பாக அழையுங்கள். கைப்பேசிக்கு வீட்டில் கட்டுப்பாடு தேவையென்றால் அதைத் தனியாக வையுங்கள், ஆராதனையைத் தண்டனையாக்காதீர்கள். இந்த வாரம் ஒரு கூட்டத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு மகன் அருகில் உட்காருங்கள். அதட்டியது தவறு என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அவன் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். அவன் உங்களை மதிப்பான்.

ஆசிரியர்களைக் கண்டித்து நான் எழுதப் போவதில்லை. போதகரிடம் கொடுத்த புகாரை நீங்களே திரும்ப வாங்குங்கள். வாங்கிய கையோடு அந்த ஆசிரியையின் வீட்டுக்கு மனைவியுடன் போய், இத்தனை ஆண்டுகள் எங்கள் மகனுக்கு வசனம் கற்றுக்கொடுத்தீர்கள், நன்றி என்று சொல்லுங்கள்.