லாக்ஸ்டன்: வேலி வராத ஊர் – கடிதம்

வணக்கம் ஐயா,

லிங்கன் நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். லீவு கிடைத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்விடுவேன். இருபுறமும் உயிர்வேலி, மே மாதத்தில் அதில் வெள்ளைப்பூ, வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள், தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம். ஆயிரம் வருஷமாக யாரும் கை வைக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். நம்மால் ஏன் இப்படி முடியவில்லை?

கூட வேலை செய்யும் ஒருவர், "பழைய கிராமம் பார்க்க வேண்டுமென்றால் நாட்டிங்காம்ஷரில் லாக்ஸ்டனுக்குப் போ" என்றார். போனேன். ஏமாற்றம்தான். வேலியே இல்லாத மொட்டை வெளி. எங்கள் ஊர் மானாவாரிக் காடு மாதிரி இருந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி மிகச் சரி. அதைத்தான் நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள். லாக்ஸ்டன் உங்கள் ஊர் மானாவாரிக் காடு மாதிரிதான் இருக்கிறது. நானூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான ஊர்கள் அப்படித்தான் இருந்தன. பழையது என்று நீங்கள் ரசித்துக்கொண்டு போகிற வேலிகள்தான் புதியவை.

ஆயிரம் வருடக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். 1604க்கும் 1914க்கும் இடையில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை, அதாவது வேலியில்லாத திறந்த வெளிகளைப் பிரித்து வேலியிட்டுத் தனித்தனி நிலமாக்கும் சட்டங்களை, நிறைவேற்றியது. ஊருக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவை 1750க்குப் பிறகான நூறு வருடத்தில் வந்தவை. மொத்தம் ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு ஊருக்குச் சட்டம் வந்தால் கமிஷனர்கள் வருவார்கள், சர்வேயர் வருவார். சிதறிக் கிடந்த துண்டுகளையெல்லாம் கூட்டிப் பிரித்து ஆளுக்கு ஒரு கட்டு நிலம் ஒதுக்குவார்கள். ஒதுக்கப்பட்டவர் குறித்த காலத்துக்குள் தன் செலவில் வேலி போட்டாக வேண்டும். சீக்கிரம் வளர்கிற, மாடு நுழைய முடியாத முள்செடி தேவைப்பட்டது. நாற்றங்காலிலிருந்து ஹாதார்ன் கன்றுகளை வாங்கி வரிசையாக நட்டார்கள். மே மாதம் நீங்கள் பார்க்கிற வெள்ளைப்பூ அதுதான். சாலை அகலமாகவும் நூல் பிடித்தது போல நேராகவும் இருந்து, இருபுறமும் வேலியில் ஒரே வகைச் செடி ஓடினால், அது ஒரு சர்வேயர் மேஜைமேல் போட்ட கோடு என்று சந்தேகப்படலாம். (இங்கிலாந்து முழுக்க இப்படி இல்லை. டெவன், கென்ட் பக்கமெல்லாம் உண்மையிலேயே கிழட்டு வேலிகள் உண்டு. நீங்கள் இருக்கும் பகுதியைத்தான் சொல்கிறேன்.)

இந்த வேலிகளின் கணக்கு யாருக்கு நேர் ஆனது, யாருக்கு ஆகவில்லை என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுவெளியில் ஒரு பசுவை மேய்த்துக்கொண்டு, சுள்ளி பொறுக்கி, அறுப்புக்குப் பின் கதிர் பொறுக்கிப் பிழைத்தவர்களில் பலருக்கு ஒதுக்கீட்டில் ஒன்றும் இல்லை. சிறு துண்டு கிடைத்தவருக்கோ வேலிச் செலவே அந்தத் துண்டின் விலையைத் தின்றது. விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. வடிகால் போட முடிந்தது, நல்ல ஆட்டினத்தைத் தனியாக வளர்க்க முடிந்தது, பக்கத்துக்காரனின் களை நம் துண்டுக்குள் வருவது நின்றது. குத்தகையும் ஏறியது. யார் அடைக்கச் சொன்னார்கள் என்பதற்கு அந்தக் கடைசி வாக்கியம் போதும்.

இனி லாக்ஸ்டன். இந்தச் சட்டங்களிலிருந்து அந்த ஊர் தப்பியது பாரம்பரியப் பற்றினால் அல்ல. அங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பெரிய குடும்பங்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில் ஒத்துவரவில்லை என்பது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பங்காளிச் சண்டையால் பாகம் பிரியாமல் கிடக்கும் வீடு மாதிரி. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அங்கே மூன்று பெரிய வெளிகள் உண்டு: மேற்கு வெளி, தெற்கு வெளி, மில் வெளி. ஒரு வருடம் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் சுற்று மாறும். ஒவ்வொரு வெளியும் நீளநீளத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு விவசாயிக்கு மூன்றிலும் துண்டு இருக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வேலி கிடையாது, வரப்பும் கிடையாது. டிராக்டர் உழ முடியாத ஓடைச் சரிவுகளை மட்டும் புல்லாக விட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு 'சைக்' என்று பெயர். அந்தப் புல்லை வருடாவருடம் ஏலம் விடுவார்கள்.

தெருவில் ஆளே இல்லை என்றீர்கள். தெருவில் வீடுகள் இருந்தனவே, அவற்றைப் பார்த்தீர்களா? செங்கல் சுவர், சிவப்பு ஓடு, பல களஞ்சியங்கள் தெருவுக்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டி நிற்கும். அவை வெறும் வீடுகள் அல்ல, பண்ணைகள். அடைப்பு நடந்த ஊர்களில் விவசாயி தன் கட்டு நிலத்தின் நடுவிலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதனால்தான் நீங்கள் சைக்கிளில் போகும்போது வயலுக்கு நடுவே ஒற்றைப் பண்ணைவீடுகள் தென்படுகின்றன. அந்த ஊர்களின் தெருவில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களும் நகரத்தில் வேலை பார்ப்பவர்களும். லாக்ஸ்டனில் நிலம் மூன்று திசையில் சிதறியிருப்பதால் வீட்டை எந்தத் துண்டில் கட்டுவது? பெரும்பாலோர் தெருவிலேயே இருந்தார்கள். நம் ஊர்களிலும் சம்சாரி ஊருக்குள் இருந்துகொண்டு காட்டுக்குப் போகிறான், இல்லையா?

வேலியும் வரப்பும் இல்லாவிட்டால் பக்கத்துத் துண்டில் ஏர் ஏறாதா? ஏறும். அதற்குத்தான் ஒரு நீதிமன்றம் வைத்திருக்கிறார்கள். 'கோர்ட் லீட்' என்பார்கள். நிலப்பிரபுவின் கீழ் ஊர் இருந்த 'மேனர்' காலத்துப் பழைய அமைப்பு. நாட்டில் இப்படிப்பட்ட பழைய மன்றங்களின் அதிகாரத்தை 1977இல் ஒரு சட்டம் நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. நான் அங்கே போனது ஒரு நவம்பர் இறுதியில், ஜூரி நாளன்று. ஜூரியில் பன்னிரண்டு பேர், எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். டிராக்டர் டிரெய்லரில் ஏறிக் கோதுமை விதைத்த வெளிக்குப் போனார்கள். ஒரு துண்டு எங்கே முடிகிறது, பாதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, சம்மட்டியால் முளைக்குச்சி அடித்தார்கள். யாராவது பாதையையோ புல்லையோ ஓர் அடி சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில் நான்கு பேர் குனிந்து நின்று அரை அடிக்காகப் பேசிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தேன். ஆங்கிலத்தின் அந்த வட்டார வழக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் முகபாவம் முழுக்கப் புரிந்தது. வரப்பைத் தின்பவன் எல்லா ஊரிலும் இருக்கிறான், வரப்பில்லாத ஊரிலும். பிறகு எல்லோரும் ஊர் மதுக்கடையான டவ்கோட் இன்னில் போய்ச் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் அதே கடையில் மன்றம் கூடி அபராதம் போடும். சிறு தொகைதான். பணத்தைவிடப் பெயர் வாசிக்கப்படுவதுதான் வலி என்று நினைக்கிறேன்.

இந்த மன்றம் ஊரின் தெருமாட்டையும் பார்த்துக்கொண்டது. பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்து அடைக்க ஒரு பட்டி, அதற்கு 'பிண்டர்' என்று ஓர் ஆள். நம் ஊரில் 'மாட்டைப் பவுண்டுல அடைச்சிட்டாங்க' என்கிறோமே, அது இங்கிருந்து போன ஏற்பாடுதான். நம் ஊர்ப் பவுண்டுகள் 1871ஆம் வருடக் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி நடந்தவை.

அதைவிட ஆழமாக நம் ஊருக்குள் வந்தது ஒன்று உண்டு. உங்கள் அப்பாவிடம் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிலம் வாங்கிய யாரையாவது கேட்டாலும் சொல்வார்கள், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது? ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால். ஏக்கர் ஏன் அப்படி ஒரு கோணல் எண்? 660 அடி நீளமும் 66 அடி அகலமும் கொண்ட ஒரு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 43,560. அந்த 660 அடிதான் பர்லாங். 'ஃபரோ' என்றால் உழவுச்சால், 'லாங்' என்றால் நீளம். ஒரே மூச்சில் உழுது போகும் சாலின் நீளம். ஏக்கர் என்பது ஒரு ஏர் ஒரு நாளில் உழுகிற நிலம். 66 அடி ஒரு செயின். 1620இல் எட்மண்ட் கண்டர் என்பவர் அதை நூறு லிங்க் உள்ள சங்கிலியாக வடிவமைத்தார். நம் சர்வேயர்கள் தோளில் போட்டுக்கொண்டு வந்த சங்கிலி அதுதான்.

சாலை ஓரத்துப் பர்லாங் கல்லில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த நம் தாத்தாக்கள் வேறு ஒரு நாட்டு உழவுமாட்டின் மூச்சின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு வேலி என்பதே நில அளவு, குழியும் மாவும் அதற்குள் அடக்கம். அதையெல்லாம் ஓரங்கட்டிய ஏக்கர் பிறந்தது லாக்ஸ்டன் போன்ற வேலியற்ற வெளிகளில்.

நடுஇங்கிலாந்தின் பழைய மேய்ச்சல் நிலங்களில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நிலம் அலையலையாகத் தெரியும். மேடு, பள்ளம், மேடு. அவை அன்றைய துண்டுகளின் தடம். நேராக இருக்காது, கண்ணாடியில் தெரியும் எஸ் எழுத்துபோல் லேசாக வளைந்திருக்கும். எட்டு மாடு பூட்டிய நீண்ட ஏரைக் கடைசியில் திருப்ப வேண்டுமானால் முன்கூட்டியே வளைக்கத் தொடங்க வேண்டும். அந்த வளைவு மண்ணில் தங்கிவிட்டது. அடைப்புக்குப் பின் உழாமல் மேய்ச்சலாக விட்ட இடங்களில்தான் அது பிழைத்திருக்கிறது. லிங்கனுக்குத் தெற்கே சைக்கிளில் போகும்போது சர்ச்சை விட்டுவிட்டு இதைத் தேடுங்கள்.

லாக்ஸ்டனின் 1635ஆம் வருட வரைபடம் ஒன்று ஆக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் வரைந்தது. ஒவ்வொரு துண்டும் அதில் உண்டு, எந்தத் துண்டு யாருடையது என்று தனிப் பதிவேடும் உண்டு. நம் புலப்படமும் அ-பதிவேடும் போல. வயல்களுக்குள் உழுபவர்களையும் அறுப்பவர்களையும் குட்டிக்குட்டியாக வரைந்திருக்கிறார். நம் கிராம வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு லாக்ஸ்டனை ஒரு கிராமப் பொன்னுலகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த 1635 வரைபடத்தை வரையச் சொன்னவர் நிலப்பிரபு, உழுதவர்கள் அல்ல. இன்றும் அங்கே உழுபவர்கள் குத்தகைதாரர்கள்தான். 1952இல் அன்றைய நிலப்பிரபுவான மேன்வர்ஸ் பிரபு ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரசகுடும்பத்தின் பெயரிலான கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது, அதாவது மேன்வர்ஸ் வாரிசுகளிடமே திரும்பி வந்தது. அரை அடிக்கு முளைக்குச்சி அடிக்க ஜூரிக்கு அதிகாரம் உண்டு. மொத்த ஊரும் கைமாறும்போது அந்தச் சம்மட்டிக்கு வேலை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கியும் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்தது 1635 அல்ல, அதன் மிச்சம்.

நம்மால் ஏன் காப்பாற்ற முடியவில்லை என்ற கேள்வியை நீங்களே வேறுமாதிரி கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் மானாவாரிக் காட்டில் இரண்டு பேர் காட்டுக்கு நடுவே எல்லை எப்படிப் போகிறது? கல்லா, பனையா, ஒரு சால் இடைவெளியா? தகராறு வந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? இதை எழுதி அனுப்பினால் நான் இங்கே வெளியிடுகிறேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொரு முறை லாக்ஸ்டனுக்குப் போவதானால் ஜூன் கடைசியில் போங்கள். சைக்கின் புல்லை இன்னும் அறுத்திருக்க மாட்டார்கள், காட்டுப்பூ நிறைய இருக்கும். நவம்பரில் போவதானால் நல்ல பூட்ஸ் வேண்டும். அங்கே மண் கனத்த களிமண். மழை பெய்தால் கரிசல் போலவே காலோடு வரும். லண்டனில் நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அதை ஸ்பூனால் சுரண்டி எடுத்தேன்.

அன்புடன்.