தாத்தா, அப்பா, பேரன்: ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. 1960-களின் கடைசியில் நீலகிரி எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்தபோது லைசென்ஸ் எடுத்து வேட்டையாடியவர். அவர் சுட்ட கடமானின் கொம்பு இன்னமும் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மச்சான், "மூணு தலைமுறையும் சேர்ந்து வாங்க, இங்க லிம்போபோ மாகாணத்தில் ஒரு பண்ணையில் மான் வேட்டைக்கு ஏற்பாடு பண்றேன்" என்கிறார். 13 வயது மகன் இப்போதே குதிக்கிறான். மனைவிக்குத் துளியும் பிடிக்கவில்லை. சட்டப்படி இது சரியா? கொம்பைக் கொண்டுவரலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: சட்டப்படி சரிதான். நம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவுக்குள்தான் செல்லும். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது, ஆனால் தென்னாப்பிரிக்கா, நமீபியா, தான்சானியாவில் அனுமதியோடு நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் முறையாக வேலி போட்ட தனியார் பண்ணைக்குள் இருக்கும் மான் அந்தப் பண்ணைக்காரரின் சொத்து, 1991-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. மாடு மேய்ந்த நிலங்களில் இம்பாலா, குடு போன்ற மான் வகைகள் மறுபடி பெருகியதற்கு வேட்டைப் பணமும் ஒரு காரணம். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் அவர் மனதை மாற்றுவதற்காகச் சொல்லாதீர்கள். ஓர் உயிரை எடுக்கப் பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அவருக்கு வேறு காரணம் தேவையில்லை.

வெளிநாட்டவர் அங்கே தனியாக வேட்டையாட முடியாது, உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே இருப்பார். துப்பாக்கி பண்ணையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கட்டணத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நாள் வாடகை தனி, விலங்குக்குத் தனி, அடிபட்ட மான் ஓடிப்போய்க் கிடைக்காவிட்டாலும் பொதுவாக முழுக் காசும் கட்டியாக வேண்டும். "சிங்கம் வேணுமா?" என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அடைத்து வளர்த்து வேலிக்குள் அவிழ்த்துவிடும் சிங்கங்கள் அங்கே உண்டு, அந்தத் தொழிலையே முடித்துவிடப் போவதாக அந்நாட்டு அரசு 2021-ல் அறிவித்தது. அதைச் சுடுவது வேட்டையே இல்லை.

இனி பையன் விஷயம். முதல் இரண்டு நாள் அவன் கையில் துப்பாக்கி வேண்டாம், தடம் பார்ப்பவரோடு நடக்கட்டும். மண்ணில் பதிந்த குளம்பின் விளிம்பு கூராக இருந்தால் மான் இப்போதுதான் போயிருக்கிறது, விளிம்பு உதிர்ந்து தூசி படிந்திருந்தால் நேரமாகிவிட்டது. சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்துக்கொண்டு தட்டித் தட்டி, அது பறக்கும் திசையில் காற்றைப் பார்ப்பார்கள், ஏனென்றால் நம் வாடை மான் பக்கம் போய்விட்டால் அத்தனை நடையும் வீண். காற்றும் தடமும் உங்கள் அப்பாவுக்குக் கைவந்த விஷயம். அவர் நீலகிரியில் செய்ததைப் பேரன் கதையாகக் கேட்டிருப்பானே தவிர கண்ணால் பார்த்திருக்க மாட்டான், இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். அப்புறம் நீங்களோ அப்பாவோ ஒன்றைச் சுட்டால், தோலை உரித்துக் குடலை எடுக்கும்வரை அவன் பக்கத்தில் நிற்கட்டும், இரவு அந்தக் கறியையே சாப்பிடட்டும். அதற்குப் பிறகும் "நானும் சுடறேன்" என்றால் யோசிக்கலாம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், "ஆம்பளைப் பையன்தானே" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

அப்பாவால் நடக்க முடியாவிட்டால் தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்தில் மறைவாக உட்கார்ந்தால் போதும். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், மழை இருக்காது, விலங்குகள் குட்டைக்கு வந்தே ஆக வேண்டும். விடியற்காலைக்கு நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியா, கென்யா வழியாக டிக்கெட் போடாதீர்கள். இடையில் அதிக நேரம் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள். அந்த ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஆனால் 60 தாண்டியவர்களுக்கு டாக்டர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தக் கவலையே இல்லை. லிம்போபோவின் சில பகுதிகளில் மலேரியா உண்டு, வாட்டர்பெர்க் பக்கம் பெரும்பாலும் கிடையாது. பண்ணை எந்தப் பக்கம் என்று மச்சானிடம் கேளுங்கள்.

கொம்பைக் கொண்டுவராதீர்கள். காட்டு விலங்குகளும் அவற்றின் பாகங்களும் நம் இறக்குமதி விதிகளில் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் பில்டாங் என்ற உப்புக்கண்டத்தையும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஹாலில் தொங்கும் கடமான் கொம்பை வைத்திருக்க வனத்துறை தரும் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? நாளைக்கு அது வாரிசாக உங்கள் கைக்கு வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சான்றிதழ் இல்லாத கொம்பு என்றால் சிக்கல். டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து அந்தப் பழைய லைசென்ஸ் காகிதங்களை எல்லாம் வெளியே எடுங்கள். எங்கே வைத்தோம் என்று அவருக்குத்தான் தெரியும்.