முதலில் அறை, பிறகு கோழி

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். மார்ச் கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் மாற்றலாகிப் போகிறார். வழியனுப்பு விருந்து ஏற்பாடு என் தலையில் விழுந்துவிட்டது. மொத்தம் 22 பேர். மூவர் சைவம், சிலர் குடிக்காதவர்கள். ஷின்ஜுகு ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் புகை மணக்கும் சின்ன இசாக்காயாக்கள் (குடியும் சாப்பாடும் கிடைக்கும் கடைகள்) எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கேயே வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், நிஷி கசாய்

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்வது ஒமொய்தே யோகோச்சோவாகத்தான் இருக்க வேண்டும். அங்கே பல கடைகளில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே முழங்கையோடு முழங்கை இடிக்கும். 22 பேரோடு போய் நின்றால் கடைக்காரர் குனிந்து வணங்கி அனுப்பிவிடுவார்.

பெரிய கூட்டம் என்றால் எல்லோரும் முதலில் உணவுப் பட்டியலைப் புரட்டுகிறார்கள். நான் அறையைத்தான் பார்ப்பேன். பொரித்த கோழி எந்த இசாக்காயாவிலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். அறை அப்படியல்ல. ஒருமுறை 16 பேருக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனேன்; பத்துப் பேருக்குக் கீழே, ஆறு பேருக்கு மாடியில் என்று இடம் போட்டிருந்தார்கள். விடைபெறுகிறவர் பீர் குவளையும் கையுமாகப் படிக்கட்டின் நடுவில் நின்று, மேலே பார்த்து ஒரு நன்றி, கீழே பார்த்து ஒரு நன்றி சொன்னார். அதனால் "இடம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "22 பேரும் ஒரே அறையிலா?" என்று கேளுங்கள். தனி அறைக்குக் கோஷித்சு என்று பெயர். அதில் ஹோரிகோதாத்சு வகை, அதாவது மேசைக்கு அடியில் கால் தொங்கவிடப் பள்ளம் உள்ளது, கிடைத்தால் விடாதீர்கள். வெறும் தத்தாமிப் பாய் என்றால், ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நெளிவார்கள். இரண்டிலும் காலணியைக் கழற்ற வேண்டும். ஓட்டைக் காலுறை வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்து கடிகாரம். இவ்வளவு பேர் என்றால் பெரும்பாலும் கோர்ஸ் சாப்பாடுதான் (முன்பே முடிவான பதார்த்தங்கள் வரிசையாக வரும்) எடுக்கச் சொல்வார்கள். அதோடு நோமிஹோதாய், அதாவது நேரக் கணக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். வழக்கமாக இரண்டு மணி நேரம். கடைசி ஆர்டர் அரை மணி முன்பே முடிந்துவிடும். இரண்டும் சேர்த்துத் தலைக்கு 4,000 முதல் 6,000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களுக்குக் குறைந்த விலையில் ஊலாங் தேநீர், பழச்சாறு மட்டும் உள்ள தனிக் கட்டணம் உண்டா என்று விசாரியுங்கள். பல கடைகளில் உண்டு. மேசைக்கு வந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைப்பார்கள். அது ஒதோஷி. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். கோர்ஸில் சேராத கடையில் அதற்கும் தலைக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும்.

சைவக்காரர்கள் விஷயம்தான் கஷ்டம். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால், குழம்பில் தாஷி இருக்கும். காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்த சாறு அது. குளிர்ந்த தோஃபு மேலும் அதே சீவலைத் தூவித் தருவார்கள். இறைச்சி, மீன், தாஷி மூன்றையும் பெயர் சொல்லி, முன்பதிவின்போதே பேசுங்கள். அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து பேசினால் சமையலறையில் யாருக்கும் நேரம் இருக்காது. தட்டிக்கழித்தால் வேறு கடை பாருங்கள். அந்த மூவரையும் வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வதிலும் தவறில்லை.

மார்ச் கடைசி ஜப்பானில் நிதியாண்டின் முடிவு. ஊரெல்லாம் வழியனுப்பு விருந்து. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து இன்றே போன் செய்யுங்கள். எத்தனை நாள் முன்புவரை ஆட்களைக் குறைக்கலாம் என்றும் கேட்டுவையுங்கள். அன்றைக்கே ஒருவர் வராமல் போனால் அவர் பங்குக்கும் பணம் கட்ட நேரிடும். பங்குப் பணத்தை முன்பே வசூலித்துவிடுங்கள், தலைவரிடம் வாங்காதீர்கள்.

இப்படி ஏற்பாடு செய்கிறவருக்கு அங்கே கன்ஜி என்று பெயர் (நம் கஞ்சி அல்ல, பாடு என்னவோ அதேதான்). தலைவருக்கு உள்ளே, வாசலுக்குத் தூரமான இடம். வாசலோரம் உங்களுக்கு. மணி முடிந்து வெளியே வந்ததும் "நிஜிகாய்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்; இரண்டாம் சுற்று. பாதிக்கு மேல் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். மிஞ்சுகிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உங்கள் சந்துக்குப் போங்கள்.