முகமூடிகளைக் கழற்றிவிட்டால் ‘உண்மையான நான்’ வெளிப்பட்டுவிடுமா?

வெளிப்படாது என்பதுதான் என் பதில். வேலையில் நடித்து நடித்துச் சலித்துவிட்டது, அந்த வேலையை விட்டால்தான் நான் நானாக இருக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். சலிப்பு புரிகிறது. ஆனால் ‘முகமூடியைத் தூக்கி எறி’ என்று சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் பெயரைப் போட்டு வரும் வீடியோக்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

நாலு பேர் முன் நாம் காட்டும் முகத்தை யுங் ‘பெர்சோனா’ என்றார். அது இருப்பது குறை என்று அவர் நினைக்கவில்லை. மருத்துவர் நோயாளி முன் மருத்துவராகத்தான் இருந்தாக வேண்டும். வீட்டில் பிள்ளைகளிடமும் மருத்துவராகவே இருந்தால்தான் சிக்கல். பிறருக்கு ஏற்றபடி நாம் காட்டும் ‘பொய்யான தன்னிலை’ பற்றி 1960-இல் எழுதிய பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் வின்னிகாட்டும், அது உள்ளே இருப்பதைக் காக்க வளர்ந்த அரண் என்றே பார்த்தார். ஆரோக்கியமானவர்களிடம் அது வெறும் சபை நாகரிகமாக நின்றுவிடும்.

எனக்குப் பயன்பட்டது யுங்கின் ‘நிழல்’ என்ற கருத்துதான். ‘நல்ல பிள்ளை’ ஆவதற்காக நாம் ஒதுக்கிய கோபம், பொறாமை, ஆசை எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. சில நேரம் திறமைகளும்கூட. அவற்றை நேரடியாகப் பார்க்க முடியாது; முதலில் அடுத்தவர் முகத்தில்தான் தெரியும். அலுவலகக் கூட்டத்தில் தன் வேலையைத் தானே புகழ்பவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பேசியது இரண்டு வாக்கியம், என் எரிச்சலோ அன்று முழுக்க நீடிக்கும். அந்தப் பொருத்தமின்மைதான் தடயம். ‘என்னையும் கவனியுங்கள்’ என்ற ஆசையைத் தற்பெருமை என்று சொல்லி எப்போதோ அடக்கி வைத்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு நான் தம்பட்டக்காரன் ஆகிவிடவில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது, அவ்வளவுதான். (எல்லா எரிச்சலும் நம் நிழல் அல்ல. உங்களை ஒருவர் உண்மையிலேயே துன்புறுத்தினால் தவறு அவருடையதே.)

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டுடன் 1913-இல் உறவு முறிந்த பிறகு யுங்குக்குக் கனவுகளும் காட்சிகளும் வெள்ளமாக வந்தன. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று அவரே பயந்திருக்கிறார். அவற்றை எழுதி, வரைந்து வைத்ததுதான் 2009-இல் வெளியான ‘சிவப்புப் புத்தகம்’. அந்த நாட்களில் பல்கலைக்கழகப் பதவியை விட்டாரே தவிர, நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. குடும்பமும் தொழிலும்தான் தன்னைத் தரையில் நிறுத்தின என்று பின்னாளில் சொன்னார். அவ்வளவு ஆழம் போனவரே கரையை விடவில்லை.

யுங் சொன்ன பலவற்றை அறிவியல் முறையில் சோதிப்பது கடினம். நான் அவற்றை வேதமாக அல்ல, பார்க்கும் கோணமாகத்தான் வைத்திருக்கிறேன். பழைய காயங்கள் பெரிதாகக் கிளம்பினால் தனியாகக் கிளறாமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, ஒரு மாதம் பொறுங்கள். அங்கே யார் மீது, எதற்காக, அளவுக்கு மீறி எரிச்சல் வருகிறது என்று குறித்து வாருங்கள். அதன் பிறகும் விடத்தான் தோன்றுகிறது என்றால் தாராளமாக விடுங்கள்.