அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. அறிவாற்றல் சோதனை எதற்கு?

அவசியம் செய்யுங்கள். ஞாபகத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது அல்சைமர் நோய்க்கான கணக்கு. பார்க்கின்சனில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது கவனம், திட்டமிடல், வடிவத்தையும் இடத்தையும் கணிக்கும் திறன். என் அம்மா பேரன் பேத்திகளின் நட்சத்திரம் வரை பிசகாமல் சொல்வார். ஆனால் அடுப்பில் இரண்டு பாத்திரம் இருந்தால் எதை முதலில் இறக்குவது என்று திகைத்து நின்றுவிடுவார்.

அம்மாவுக்குச் செய்தது மோகா என்ற சோதனை. மாண்ட்ரியலில் உருவாகி 2005இல் வெளியானது, தமிழிலும் உண்டு. 30 மதிப்பெண், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற பழைய அறிவாற்றல் சோதனை திட்டமிடும் திறனை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட மோகாவில் தடுமாறுவதுண்டு.

பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் சரியாக வந்தது. எண்களெல்லாம் வலப்பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு முள் 11க்குப் போனது. இன்னொன்று 2க்குப் போகாமல் நேராக 10க்குப் போனது. 'பத்து' என்று காதில் விழுந்ததும் கையை நிறுத்தி யோசிக்க வைக்கும் பிடிமானம் தளர்ந்திருந்தது. நடுக்கத்தால் கோடு கோணலாவது வேறு, இது வேறு. சற்று முன் கேட்ட சொல் ஒன்று நினைவுக்கு வரவில்லை. 'அது ஒரு பூ' என்றதும் சட்டென்று சொல்லிவிட்டார். அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் மருத்துவர் குறித்துக்கொண்டார்: சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல்.

26க்குக் கீழே வந்தால் உடனே டிமென்ஷியா (அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு அறிவாற்றல் குன்றுவது) என்று அஞ்ச வேண்டாம். விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். பன்னிரண்டு ஆண்டோ குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். மனச்சோர்வு, பி12 குறைபாடு, தைராய்டு ஆகியவையும் மதிப்பெண்ணை இறக்கும். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில் வயதானவர்களின் புத்தியை மந்தமாக்கக்கூடும். அப்பா அதைச் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதாக அவர் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்துச் சோதனைக்கு நேரம் வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்பா பதிலைத் தேடும்போது நமக்கு வாய் சும்மா இருக்காது; நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பதே நல்லது.