அழுதால் பிள்ளை மந்தமாகிவிடுமா?

கேள்வி: என் மனைவிக்கு இது ஏழாவது மாதம். ஐந்தாம் மாதத்தில் யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து, குளிர்காய்ச்சலோடு நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதே சமயம் எனக்கு வேலை போய்விட்டது, வாடகையும் பாக்கி. தினமும் அழுகிறாள். "வயித்துப்புள்ளக்காரி அழுதா புள்ள மந்தமாப் பொறக்கும்" என்கிறார் அம்மா. உண்மையா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, முதலில் அம்மாவை அந்தப் பேச்சை விடச் சொல்லுங்கள். அழுகிறவளைப் பயமுறுத்தினால் அழுகை நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் அழுவாள், அவ்வளவுதான்.

காய்ச்சலுக்கு வருவோம். ருபெல்லா, ஜிகா போன்ற வைரஸ்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் மூளையையே தாக்கக்கூடியவை. உங்கள் மனைவிக்கு வந்தது அந்த ரகம் இல்லை. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் நடந்த ஆய்வுகளில், கர்ப்ப காலத்தில் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குத் தொற்று வந்த பெண்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான், ஆனால் தொற்றுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, அந்தப் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். நேரத்தோடு ஆன்டிபயாடிக் போட்டுக் காய்ச்சலை இறக்கினீர்களே, அதுதான் செய்ய வேண்டியது. இந்தத் தொற்று திரும்ப வரும் குணமுள்ளது, அதனால் மறுபடி யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்களா என்று கேளுங்கள். பொதுக் கழிப்பறை என்றால் பெண்கள் அடக்கிக்கொண்டே இருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

சரி, அழுகை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடும். ஒருநாள் சண்டை, ஒருநாள் அழுகை எல்லாம் பிள்ளையை ஒன்றும் செய்யாது, மாதக்கணக்கில் நீளும் கஷ்டம்தான் கவலைக்குரியது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிப்புயல் அடித்து, பல வீடுகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை இரண்டு வயதில் சோதித்தபோது, அதிகக் கஷ்டப்பட்டவர்களின் பிள்ளைகள் பேச்சிலும் அறிவுத்திறனிலும் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். இதில் முக்கியமானது, அம்மா மனதுக்குள் எவ்வளவு கலங்கினாள் என்பதைவிட, கரண்ட் இல்லாமல், வீட்டை விட்டு எத்தனை நாள் அல்லாடினாள் என்ற கணக்கோடுதான் அந்த வித்தியாசம் ஒத்துப்போனது. அதனால் அழாதே என்று சொல்வதில் பிரயோஜனமில்லை, அவளை அழவைக்கும் பாரத்தை இறக்குங்கள். அடிபம்பில் தண்ணீர் அடிப்பது இனி உங்கள் வேலை. வீட்டுக்காரரிடம் நீங்களே பேசித் தவணை வாங்குங்கள், அவர் வாசலில் வந்து கத்துவதை அவள் கேட்கக் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்குப் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளைக்கே உங்கள் பகுதி சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார மையத்தையோ போய்ப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வெறும் கவலை இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் உண்டு. காய்ச்சல் திரும்பினாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆட்டோ பிடித்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் அரசு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.