கல்முனை வீதியில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிவது ஏன்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. கிழக்கே கடல், மேற்கே தெரிவது களப்பு. ஊரின் பெயரிலேயே இருக்கும் அந்தச் சொல்லுக்கு, மணல்திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு என்று பொருள். பேச்சில் வாவி என்கிறோம். நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர்.

அலையும் நீரோட்டமும் கரையோரமாக மணலைத் தள்ளித் தள்ளிச் சேர்க்கின்றன. காலப்போக்கில் அது நீண்ட மேடாகிறது. உள்ளே நீர் தங்கிவிடுகிறது. வயல் வரம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வரம்புதான் மணல்மேடு, அதில் வெட்டிய வக்கடைதான் முகத்துவாரம். நாம் வரம்பின்மேல் நடக்கிறோம், அதாவது பஸ்ஸில் போகிறோம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அந்த வரம்பில் நெருக்கியடித்து அமர்ந்த ஊர்கள். மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் திறக்கும். கோடையில் மணல் அதை மூடிவிடும்.

பழைய சின்னங்களும் இந்த நீரையே பார்த்து நிற்கின்றன. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை புளியந்தீவில், வாவிக் கரையில் இருக்கிறது. பாலமீன்மடு வெளிச்சவீடு முகத்துவாரத்துக்கு அருகில். கல்லடிப் பழைய பாலம் 1924ஆம் ஆண்டினது. நிலவு நாளில் மீன் பாடுவதைக் கேட்க ஆட்கள் போவது அங்கேதான். (எனக்குக் கேட்டதெல்லாம் நுளம்பின் பாட்டு.)

வாவி என்றதும் நன்னீர் ஏரி என்று பலர் எண்ணுகிறார்கள். இது கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த உவர்நீர்.